கறிக்கடைக்குக் கூட்டிப்போன நாள்

அந்தப் பெண்ணை நான் வேனில் ஏற்றியிருக்கக் கூடாது. எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது இந்த வரிதான். அதனால் இதையே முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் அப்போது திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் தளிகையை முடித்து, பெருமாளுக்கு அமுது செய்வித்துவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போவேன். எங்கள் வீட்டில் வெங்காயமே பாதி நாள் உள்ளே வராது. இறைச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான்: புரதம், இரும்புச்சத்து, வைட்டமின். தெருவில் கறிக்கடை வந்தால் எதிர்ப்பக்கம் பார்த்தபடி நடந்து பழகியவள் நான்.

அந்த வருஷம் உணவைப் பற்றிய பாடம் வந்தபோது, படிக்கிறதைப் பிள்ளைகள் கண்ணாலும் பார்க்கட்டும் என்று வெளியே கூட்டிப்போக ஆரம்பித்தேன். லால்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் போனோம். நெல் ஒரு பக்கம் போய் அரிசி மறுபக்கம் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் நகரவே மாட்டேன் என்றார்கள். ஜீயபுரம் பக்கம் ஒரு வாழைத்தோட்டம் போனோம். காந்தி மார்க்கெட்டுக்குக் காலை ஆறு மணிக்கே போய், லாரியிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டைகள் இறங்குவதைப் பார்த்தோம். திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். நன்றாகவே எழுதினார்கள்.

மார்க்கெட்டுக்குப் போய் வந்த மறுநாள், இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், எங்க கடைக்கு எப்ப போவோம்?" என்று கேட்டாள்.

என்ன கடை என்றேன். கறிக்கடை, ஆட்டுக்கறி என்றாள்.

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. சில சொற்களைக் கேட்டாலே அந்த வயதில் சிரிப்பு வரும். ஆனால் அவள் முகம் வாடி உட்கார்ந்துவிட்டாள். பதினொரு வயது, ஒல்லியான உடம்பு, இரட்டைப் பின்னல். அவளுடைய அப்பா தினமும் மொபெட்டில் கொண்டுவந்து விடுவதைப் பார்த்திருக்கிறேன். வாசலில் அவள் இறங்கியதும் பையைத் தோளில் மாட்டி, பைக்கு அடியில் மாட்டிக்கொண்ட பின்னல்களை வெளியே எடுத்து விட்டுவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள். அரிசி ஆலைக்காரரையும் வாழைத்தோட்டக்காரரையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள், இந்தப் பெண்ணின் அப்பாவை நினைத்து மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்? அடுத்து அங்கேதான் போகப் போகிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

ஆசிரியர் அறையில் இது பெரிய பேச்சாகிவிட்டது. கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். கறி எடுக்காத ஞாயிறு அவர் வீட்டில் கிடையாது. அவர்தான் எல்லாரையும்விட அதிகமாக எதிர்த்தார். பெரியவர்களாலேயே பார்க்க முடியாததை எதற்காகப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், ஒரு வயது வந்தால் தானாகத் தெரிந்துகொள்வார்கள், தன் பிள்ளையாக இருந்தால் அனுப்ப மாட்டேன் என்றார். "தின்னலாம், பார்க்கக் கூடாதா சார்?" என்று நான் கேட்டேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கேள்வியைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது. அதைக் கேட்கிறவள் தின்னாதவள் என்பதும், எனக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை என்பதும் அப்போது தோன்றவில்லை.

தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கித்தான் அனுமதி கொடுத்தார். பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும், விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்றார். படிவம் அனுப்பினேன். பதினான்கு வீடுகளிலிருந்து சம்மதம் வந்தது. வராத வீடுகளில் பெரும்பாலானவை கறி சாப்பிடுகிற வீடுகள்தான். எங்கள் வீட்டில் சொன்னபோது என் கணவர், உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதோடு சரி. போய்விட்டு வந்தால் ஸ்நானம் பண்ணிவிட்டு உள்ளே வா என்றார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அந்தப் பெண்ணின் அப்பா கடைக்குப் போனேன். அரியமங்கலம் போகிற வழியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே சின்னக் கடை. வியாபாரம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கறி வெட்டுகிற புளியமரக் கட்டையை அவர் உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையைக் கழுவினார். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிவந்து, கடைக்குள் போடாமல் வெளியே மர நிழலில் போட்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டவர், ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவள் இங்கே எதையும் வாங்கிக் குடிப்பேனா என்று யோசித்திருக்க வேண்டும். அவராகவே போய் ஒரு இளநீர் சீவி வாங்கி வந்தார். குடித்தேன். அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாற்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாதவர். அவர் அப்பாவுக்கும் இதே தொழில்தான். இவர் சனிக்கிழமை சமயபுரம் சந்தைக்குப் போய் ஆடு பிடித்துவருவார், கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கட்டியிருப்பார், தினம் காலையில் ஒன்றோ இரண்டோ அறுப்பார்.

நான் விஷயத்தைச் சொல்லுமுன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. மகள் வீட்டில் ஒரு வாரமாக இதையேதான் பேசிக்கொண்டிருந்தாளாம். பிள்ளைகள் வரட்டும், ஆட்டுக்குத் தழை கொடுக்கட்டும், கடையில் எது ஈரல், எது நெஞ்செலும்பு என்று நானே சொல்லித்தருகிறேன் என்றார். பிறகு, "நடுவுல உள்ளது மட்டும் வேண்டாங்க டீச்சர்" என்றார்.

"நடுவுல உள்ளதுதானே பாடம்" என்றேன்.

நெல்லைக் காட்டி, அரிசியைக் காட்டி, ஆலையை மட்டும் மறைத்தால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று கேட்டேன். உங்கள் தொழிலில் மறைக்க என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்டேன். அவர் வாதாடவில்லை. படித்தவர்கள் யோசித்துத்தான் சொல்வார்கள் என்பதுபோலத் தலையாட்டினார். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"எங்க பாப்பாவ மட்டும் அன்னிக்கு விட்டுட்டு வாங்க. கடைக்கு வரும், கல்லாவுல உக்காரும், எல்லாம் செய்யும். ஆனா அறுக்கறப்ப நான் வரவிட்டதில்லைங்க. இன்னும் கொஞ்சம் பெரிசானதும் நானே ஒருநாள் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். கண்டிப்பாக என்றும் சொன்னேன்.

போவதற்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு, நீ வர வேண்டாம், லைப்ரரியில் இரு என்றேன். காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளும் எதுவும் கேட்காமல் போய்விட்டாள். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் கிளம்புகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா கடையை விட்டு வர முடியாத நாள் என்பதால் பஸ்ஸில் வந்திருந்தாள். தலையில் கனகாம்பரம். கையில் ஒரு பெரிய தாள். அதில் ஆடு ஒன்றை வரைந்து, எந்தப் பாகத்துக்கு என்ன பெயர் என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாள். எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

"எங்க கடைக்கு எல்லாரும் போறாங்க. நான் மட்டும் போகக் கூடாதா மிஸ்?" என்றாள்.

அறுக்கிற அந்த ஐந்து நிமிஷம் மட்டும் வேனில் உட்காரவைத்துவிடலாம் என்று எனக்குள் கணக்குப் போட்டேன். மற்றதையெல்லாம் அவள் பார்த்ததுதானே, என்ன குறைந்துவிடும்? ஏற்றிக்கொண்டேன்.

கொட்டகையில் ஆறு ஆடுகள் இருந்தன. பிள்ளைகள் அகத்திக்கீரையை நீட்டி, அவை கையை நக்கியபோது கூச்சலிட்டார்கள். அவள்தான் முன்னால் நின்று எதைக் கொடுக்கலாம், எந்த ஆடு முட்டும் என்றெல்லாம் சொன்னாள். அவள் அப்பா அவளைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையால் சாடை காட்டினேன். பிறகு கடை முன்பக்கம் வந்து, அவள் அந்தத் தாளை விரித்துவைத்து விளக்கினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். அவர் கதவோரமாக நின்று மகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிஷம் நான் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. அத்தோடு எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

அவளிடம் போய் வேனில் உட்கார், டிரைவர் அண்ணன் இருக்கிறார் என்றேன். போனாள். அவள் ஏறுவதை நான் பார்த்தேன். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே ஒன்றும் நடப்பதற்கு முன்பே, அந்த வாடைக்கே ஒரு பையனுக்குத் தலை சுற்றியது. அவனைச் சுவரோரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். டிரைவரும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்திருக்கிறார். அதை நான் கவனிக்கவில்லை.

அவள் அப்பா செம்மண் நிறத்தில் ஒரு கிடாயை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து அதன் வாயை நனைத்தார். கழுத்தைத் தடவிக் கொடுத்தார். "வாடா தங்கம். ஒண்ணுமில்லடா தங்கம்" என்று காதோரமாகப் பேசிக்கொண்டே கூட்டிப்போனார். அது இழுக்காமல் அவரோடு போனது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் நினைத்திருந்ததைவிட அது சீக்கிரம் முடிந்தது. அப்போதும் என் மூளைக்குள் வாத்தியாரம்மாதான் இருந்தாள். அவர் எவ்வளவு பதமாக நடந்துகொண்டார், மிருகத்தைப் பயமுறுத்தாமல் எப்படிக் கூட்டிப்போனார், இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன கேள்வி கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் தகரத்தில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். கொட்டகை வாசலில் அவள் நின்றிருந்தாள்.

அவர் கையில் கத்தி. மணிக்கட்டுவரை ரத்தம். மகளைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. திரும்பி நடந்துபோய் வேனில் உட்கார்ந்தாள். அவரால் ஆட்டை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. பாதியில் விடக்கூடிய வேலை இல்லை அது. என்னை ஒருமுறை பார்த்தார். கோபம்கூட இல்லாத பார்வை. பிறகு குனிந்துகொண்டார்.

மறுநாள் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்த தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பெண், ஆடு அழவில்லை, நான்தான் அழுதேன் என்று எழுதியிருந்தாள். ஒருவன், இனிமேல் தட்டில் கறியை மிச்சம் வைக்க மாட்டேன், மிச்சம் வைத்தால் அந்த ஆட்டுக்கு மரியாதை இல்லை என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி கறியே வேண்டாம் என்று ஒரு மாதம் இருந்துவிட்டுப் பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு அப்பாக்கள் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். அதுவும் அடங்கியது. தாள்களைப் படித்த தலைமை ஆசிரியை, பயந்தமாதிரி இல்லை, பிள்ளைகள் நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்றார். நான் எதற்காகக் கூட்டிப்போனேனோ அது நடந்துதான் இருந்தது. அந்தத் தொழிலை நினைத்து என் வகுப்பில் யாரும் அதன் பிறகு சிரிக்கவில்லை.

அவள் கொடுத்த தாளில் பெயரும் வகுப்பும் மட்டும் இருந்தன. நான் எதுவும் கேட்கவில்லை. சில நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். அந்த வாரத்திலிருந்து அவளை அவள் அம்மா பஸ்ஸில் கூட்டிவர ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்து அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. பார்வையாளர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், உட்காருங்கள் என்று நான் இரண்டு முறை சொன்ன பிறகும் உட்காரவில்லை. மகள் தன்னோடு மொபெட்டில் ஏற மாட்டேன் என்கிறாள், தான் எடுத்துவைத்த தட்டில் சாப்பிடுவதில்லை, பக்கத்தில் போனால் உடம்பு விறைத்துப்போகிறது என்றார். ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லைப்பா, பசிக்கவில்லைப்பா என்கிறாளாம். திட்டினாலாவது தேவலை என்றார்.

"நீங்க சொன்னா கேக்குங்க டீச்சர். உங்கப்பா கெட்டவன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் அவருக்கு என்ன சொன்னேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவளை வேனில் உட்காரவைத்ததையும், டிரைவர் இறங்கிவிட்டதையும், ஒரு பையனுக்கு மயக்கம் வந்ததையும் வரிசையாகச் சொன்னேன். பிள்ளைகள் மனசு அப்படித்தான், போகப்போகப் பழகிவிடும் என்றேன். என்றைக்கிருந்தாலும் தெரிய வேண்டியதுதானே என்றும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கிறவரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களே என்று அவர் கேட்கவில்லை. சரிங்க டீச்சர், போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் அவளை லேபுக்குக் கூப்பிட்டுப் பேசினேன். அவள் அப்பா எவ்வளவு நல்லவர், அந்த ஆட்டிடம்கூட எவ்வளவு அன்பாக நடந்துகொண்டார், நீ பார்த்தாய் அல்லவா என்று ஆரம்பித்தேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா நல்லவருன்னு எனக்குத் தெரியும் மிஸ்" என்றாள். "என்னையும் தங்கம்னுதான் கூப்பிடுவாரு. அதே மாதிரிதான் மிஸ். அதே குரல்லதான்."

எதைப் பாடமாக எடுத்துச் சொல்லலாம் என்று நான் அங்கே நின்று யோசித்தேனோ, அதுதான் அவளைத் துரத்திக்கொண்டிருந்தது. வகுப்புக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். இதை அவள் அப்பாவிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லையாவது நிறுத்திப் பார்த்திருப்பார். சொல்லவில்லை. அவரை மறுபடி பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வருஷம் அவள் வரவில்லை. புதுக்கோட்டையில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். டி.சி. வாங்க அவள் அம்மாதான் வந்திருந்தார். நான் அப்போது வகுப்பில் இருந்தேன். வெளியே வந்து பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு பிள்ளைகளை நான் எங்கேயும் கூட்டிப்போகவில்லை. கூட்டத்தில் கேட்டபோது நேரமில்லை என்று சொன்னேன். கணக்கு வாத்தியார் அப்போதே சொன்னேனே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அரியமங்கலம் வழியாக பஸ்ஸில் போகிற நாட்களில் அந்தக் கடையைப் பார்ப்பேன். திறந்துதான் இருக்கும். சில சமயம் அவர் தெரிவார், குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். இறங்கிப் போய்ப் பேச வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். பஸ் தாண்டிவிடும். இப்படியே வருஷங்கள் போயின. நான் ஓய்வுபெற்றேன்.

போன மகாளய அமாவாசைக்கு என் கணவர் அம்மா மண்டபம் படித்துறைக்குத் தர்ப்பணம் பண்ணப் போனபோது, துணிப்பையை வைத்துக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன். கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒரு தூண் ஓரமாக ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் யாரோ "மிஸ்" என்றார்கள்.

கண்ணாடி போட்டிருந்தாள். என்னைவிட உயரமாக இருந்தாள். அவள் பெயரைச் சொல்லுமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். அப்பா இறந்து ஒன்றரை வருஷம் என்றாள். காலையில் கடையில் இருந்தவர் மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் போய்விட்டாராம். கீழே படியில் அவளுடைய சித்தப்பா திதி கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் ஒன்றும் கேட்காமலே அவள் பேசினாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்திருப்பாள். அந்தப் பயம் இரண்டு வருஷத்துக்குள் போய்விட்டது என்றாள். சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் அதற்குள் இரண்டு பேருக்கும் விலகி இருப்பது பழகிவிட்டது. லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அப்பா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், தங்கம் என்று இல்லை. அவளுக்காக வீட்டுக்குக் கறி கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார். கறிக்கடைக்காரர் வீட்டில் கறிச்சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, பீன்ஸும் முட்டைக்கோஸும் சமைத்தார்கள். அவள் காலேஜ் ஹாஸ்டலில் மற்றவர்களோடு கறி சாப்பிட ஆரம்பித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதை வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. அவ்வளவு பாடுபட்டவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

மத்தியானம் கடையிலிருந்து வந்ததும் கொல்லைக் குழாயில் எலுமிச்சம்பழம் போட்டுக் கையைத் தேய்ப்பாராம். அரை மணி நேரம் தேய்ப்பாராம். தோல் உரிந்திருக்குமாம். அவள் உள்ளே படுத்துக்கொண்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாளாம்.

"ஒருநாளாவது எந்திரிச்சுப் போயி, போதும்பா, வாங்க, சாப்பிடலாம்னு சொல்லியிருக்கலாம் மிஸ்" என்றாள். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

உங்களையெல்லாம் அன்றைக்கு நான் கூட்டிப்போயிருக்கவே கூடாது இல்லையா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக உடனே பதில் சொல்லவில்லை.

"அப்படி இல்ல மிஸ். சாப்பிடுறவங்களுக்குத் தெரியத்தான் வேணும். ஆனா எனக்கு அவரே காட்டியிருப்பாரு. அவரா கூட்டிட்டுப் போயிருந்தா, என்னைப் பாத்ததும் கையைப் பின்னாடி மறைச்சிருக்க மாட்டாரு."

இத்தனை வருஷம் நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தது காட்டலாமா கூடாதா என்பதைத்தான். யார் காட்ட வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்த மனிதருக்கு இருந்தது. அவர் அதை வாயைத் திறந்து என்னிடம் கேட்கவும் செய்தார். நான் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டேன் என்பது அந்தத் தூண் ஓரத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் இடித்துக்கொண்டு போனவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்பாகிட்ட கேட்டீங்களா மிஸ்?" என்றாள்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு அந்த ஆறுதலாவது கிடைத்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்றேன். அவள் மெதுவாகத் தலையாட்டினாள். கீழேயிருந்து அவள் சித்தப்பா கூப்பிட்டார். பிண்டத்தை ஆற்றில் விட வேண்டும், வந்து நின்றுகொள் என்றார். வரேன் மிஸ் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நின்று, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் கூட்டம் மறைத்துவிட்டது.

என் கணவர் ஈர வேஷ்டியோடு வந்து பையை வாங்கிக்கொண்டார். யார் அந்தப் பெண் என்று கேட்டார். என்னிடம் படித்தவள் என்றேன்.